கொடுத்தவர் படுக்கக்கூடாத கட்டில்

அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அரசாங்கம் கொடுத்தது டாக்டரை மட்டும்தான். மற்றதெல்லாம் ஊர் கொடுத்தது. கட்டில், மெத்தை, தலையணை, ஜன்னல் திரை, தண்ணீர்க் குடம் என்று எதை எடுத்தாலும் கொடுத்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் பெயர் பொறிக்க இடம் போதவில்லை. ஆகவே அதைக் கொடுத்த ஜவுளிக்கடைக் குடும்பத்தின் பெயரைக் குழாயின் பெட்டியில் பொறித்தார்கள். அந்தப் பெட்டியில் ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம்.

கடிகாரம் கொடுத்தவர்கள் அதிகம். கடிகாரம் சுவரில் உயரத் தொங்கும், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள், அடியில் அப்பா பெயரை எழுத அகலமான இடமும் இருக்கும். நோயாளிகள் படுத்திருந்த ஒரே பெரிய அறையில் பதினோரு கடிகாரங்கள் பதினோரு விதமாக மணி காட்டின. ஒன்றைத் திருத்தினால் அந்தக் குடும்பத்தைத் திருத்தியதாக ஆகும் என்று சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. நர்ஸம்மா எதிரே இருந்த மாவு மில்லின் ஊதல் சத்தத்தைக் கேட்டுத்தான் மருந்து கொடுப்பாள். இத்தனை கடிகாரம் இருந்த இடத்தில் பெட்பேன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் தன் அப்பா பெயரைப் பொறிக்க ஊரில் யாரும் முன்வரவில்லை. பெயரில்லாத அந்த ஒன்றும் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது.

சங்கம் என்றால் மருத்துவமனை ஆதரவாளர் சங்கம். பொருள் கொடுத்த குடும்பங்களின் தலைவர்கள் அதில் உறுப்பினர்கள். ஒவ்வொரு கட்டிலிலும் யார் படுப்பது என்று அந்தக் கட்டிலைக் கொடுத்த குடும்பம் சிபாரிசு செய்ய வேண்டும். மாதத்தில் ஒரு நாள் பார்வை நாள். அன்று ஆதரவாளர்கள் குடும்பத்தோடு வந்து தங்கள் கட்டிலைப் பார்ப்பார்கள். கட்டிலில் இருப்பவர் நன்றி சொல்ல வேண்டும். முனகுகிறவர்களும் வாந்தி எடுக்கிறவர்களும் நன்றியைத் திருத்தமாகச் சொல்வதில்லை என்பதால் அன்று காலையிலேயே அவர்களைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஆஸ்பத்திரித் தோட்டக்காரருக்குப் பார்த்தவுடன் இரக்கம் வரும் முகம். அவர் ஒரு கட்டிலில் படுத்து நன்றி சொல்லிவிட்டு, கூட்டம் அடுத்த கட்டிலுக்கு வருவதற்குள் மறுபக்கமாக ஓடிப்போய் அதிலும் படுத்துக்கொள்வார். பல வருடமாக அந்த ஊரின் எல்லா வியாதிகளும் அவருக்குத்தான் குணமாகி வந்தன.

இதையெல்லாம் கயிற்றுக்கடைக்காரர் குறையாக நினைத்ததே இல்லை. கௌரவம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் உட்காரும்போதுகூட முதுகு நாற்காலியில் படாது. ஏழாம் எண் கட்டில் அவருடைய அப்பா கொடுத்தது. மற்றவர்கள் கொடுத்த கட்டில்கள் முழங்கால் உயரம். அப்பா கொடுத்த கட்டிலின் கால்மாட்டிலும் தலைமாட்டிலும் ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பிகள் எழும்பி, மேலே குறுக்குக் கம்பியால் சேர்ந்திருக்கும். அந்தக் கம்பிகளால் நோயாளிக்கு என்ன பயன் என்று அன்று யாரும் கேட்கவில்லை. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும், அவ்வளவுதான். தலைமாட்டில் கனமான பித்தளைத் தகடு. மாதம் ஒருமுறை கயிற்றுக்கடைக்காரர் வீட்டிலிருந்து துணி கொண்டுபோய்த் தன் கையாலேயே அதைத் துடைப்பார். ஆஸ்பத்திரித் துணியால் துடைத்தால் அந்தத் துணியைக் கொடுத்த குடும்பத்துக்குக் கடன்பட்டதாக ஆகிவிடும்.

தகட்டில் அப்பாவின் பெயருக்குக் கீழே, கட்டிலை ஒப்படைத்த அன்று அவர் பேசிய பேச்சும் இருந்தது: 'இது ஏழைகளுக்கு. எங்கள் வீட்டில் பிறந்தவரும் சரி, புகுந்தவரும் சரி, உயிரே போனாலும் இதில் முதுகை வைக்கமாட்டார்கள். கொடுத்த கை வாங்காது.' அன்றைக்கு எழுந்த கைதட்டலைக் கேட்டு மற்றக் குடும்பத்தார் பதறிப்போனார்கள். தாங்கள் என்ன இளைத்தவர்களா? ஒருவர் பின் ஒருவராக எழுந்து அதே சபதத்தைச் செய்தார்கள். அது சங்கத்தின் முதல் விதியாயிற்று. அன்று முதல் அந்த ஊரில் கொடுத்தவர் வீட்டார் எவரும் கொடுக்கப்பட்ட பொருள் எதன்மீதும் படுத்ததில்லை.

கயிற்றுக்கடைக்காரரின் மனைவி ஸ்டூலிலிருந்து விழுந்தது ஒரு காலை நேரத்தில்.

"என்னங்க, உங்கப்பா படத்துல சிலந்தி கூடு கட்டியிருக்கு. அவருக்கு அடுத்தவங்க வீடு கட்டினாலே ஆகாது" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். படம் விழவில்லை. அவள்தான் விழுந்தாள்.

அவளுடைய தம்பி சரக்கறைக் கதவைக் கீலோடு கழற்றினான். அதில் அவளைக் கிடத்தி, நான்கு பேராகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கதவை முன் தாழ்வாரத்தில் இறக்கியதும் டாக்டர் வந்து பார்த்தார். வயது அதிகமில்லை, ஆனால் அந்த ஊருக்கு வந்த பிறகு கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன மனிதர்.

"தொடை எலும்பு" என்றார். "உடைஞ்ச ரெண்டு முனையும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கு. கால்ல எடையைக் கட்டி, கப்பியில தொங்கவிட்டு இழுத்து வச்சாத்தான் நேரா கூடும். விட்டா கால் குட்டையாயிடும். அப்புறம் காலம் பூரா சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்."

"அப்ப கட்டிருங்க" என்றார் கயிற்றுக்கடைக்காரர்.

"கப்பி மாட்ட உயரமா கம்பி வேணும். இங்க அப்படி இருக்கிற கட்டில் ஒண்ணே ஒண்ணுதான்." டாக்டர் தயங்கினார். "ஏழாம் நம்பர். காலியாத்தான் இருக்கு."

காலியாக இருந்ததற்குக் காரணமும் கயிற்றுக்கடைக்காரர்தான். போன மாதம் அதில் இருந்தவர் வீட்டுக்குப் போன பிறகு, அப்பாவின் கட்டிலில் படுக்கத் தகுதியான ஏழை அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

"பெரிய ஊருக்குக் கொண்டுபோனா?"

"வண்டிக் குலுக்கல்ல எலும்பு சதையைக் கிழிச்சிடும். வீட்டுலயும் முடியாது, தினம் நான் பார்த்து எடையை மாத்தணும். நாளைக்குள்ள ஏத்தியாகணும். அதுக்கு மேல போனா வீங்கி இறுகிடும், எடையைப் போட்டாலும் வராது."

கதவில் படுத்திருந்த மனைவி வலியோடு சிரித்தாள்.

"அன்னைக்கு மேடையில 'புகுந்தவரும் சரி'ன்னு சொல்றப்ப உங்கப்பா என்னையேதான் பார்த்தாரு. அப்பவே எனக்கு ஒரு சந்தேகம்."

"சும்மா இரு. வலிக்குதா?"

"கால் வலிக்குது. பெருமையும் கொஞ்சம் வலிக்குது."

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "மாமா, உங்க அப்பா கொடுத்த கட்டில். அக்கா உங்க வீட்டு மனுஷி. இதுல யாரைக் கேக்கணும்?"

"சங்கத்தைக் கேக்கணும்" என்றார் கயிற்றுக்கடைக்காரர். சொல்லும்போதே அது அவருக்கு நியாயமாகத்தான் பட்டது.

சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். விதிகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தகவல் தெரிந்து குடையோடு வந்தார். வந்தவர் நோயாளியைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார்.

"இது யார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலை. எங்க வீட்டுச் சரக்கறைக் கதவு" என்றார் கயிற்றுக்கடைக்காரர்.

"கொடுக்காத பொருள் இந்த வளாகத்துக்குள்ள இருக்கக்கூடாதே." செயலாளர் குடையின் நுனியால் கதவை மெல்லத் தட்டிப் பார்த்தார். "நல்ல மரம். நீங்க தப்பா நினைக்கக்கூடாது. ஒண்ணு, கதவைத் திருப்பி எடுத்துட்டுப் போகணும். இல்லேன்னா முறைப்படி கொடுத்துடணும்."

"எடுத்துட்டுப் போனா அக்காவை எதுல கிடத்துறது?" என்றான் தம்பி.

"அப்ப கொடுத்துடறதுதான் உத்தமம்" என்றார் செயலாளர். "கட்டில் விஷயத்தைத் தலைவர்கிட்ட சொல்றேன். நாளைக்குக் காலையில முதல்ல கதவு. அப்புறம் அவசரக் கூட்டம்."

நர்ஸம்மா மட்டை வைத்துக் காலை அசையாமல் கட்டிவிட்டுப் போனாள். கயிற்றுக்கடைக்காரர் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார், சுவரில் சாயாமல்.

மறுநாள் காலை கதவு ஒப்படைப்பு விழா நடந்தது. சங்கத் தலைவர் மாவு மில் முதலாளி. அவர் வெள்ளை உடையில் வந்தார். கதவின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். ரிப்பன் நோயாளியின் மூக்குக்கு நேரே வந்தது. அவள் தும்மாமல் இருக்கப் படாத பாடு பட்டாள்.

"அன்பர்களே" என்று தலைவர் ஆரம்பித்தார். "கதவு என்பது என்ன? திறப்பது. எவ்வளவோ பேர் கட்டில் கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள். கதவு கொடுக்கும் மனம் எத்தனை பேருக்கு வரும்? தன் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குக் கதவு கொடுத்த குடும்பம் இது. இந்தக் கதவைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது."

கதவைப் பார்க்க அவர் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பெண் படுத்திருந்தது மறைத்தது.

ரிப்பன் வெட்டினார்கள். அவள் தும்மினாள். எல்லாரும் கைதட்டினார்கள். கயிற்றுக்கடைக்காரருக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி சொன்னார்கள், அவரும் பழக்கதோஷத்தால் முதுகை நிமிர்த்தி ஏற்றுக்கொண்டார். அப்போதுதான் செயலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு சின்ன விஷயம். கதவு இப்ப ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப்பட்ட பொருள். கொடுத்தவர் வீட்டார் கொடுத்த பொருள்மேல படுக்கக்கூடாது. முதல் விதி. அம்மா கொஞ்சம் இறங்கிக்கணும்."

"எங்க இறங்குறது?" என்றாள் அவள்.

"தரையில."

"தரை யார் கொடுத்தது?"

செயலாளர் ஒரு கணம் கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டார். "செங்கல் சூளைக்காரர். அவர் சிபாரிசு பண்ணினா தரையில படுக்கலாம். ஆனா அவர் ஊர்ல இல்லை."

நர்ஸம்மா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "பேஷண்ட்டைத் தூக்கணும்னா டாக்டர் சொல்லணும். டாக்டர் சொல்லலை" என்றாள். சங்க விதிகளில் அதற்குப் பதில் இல்லை என்பதால் செயலாளர் அதையும் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்.

கூட்டம் நோயாளிகள் அறைக்கு அடுத்த மண்டபத்தில். மண்டபம் நோயாளிகள் அறையைவிடப் பெரியது. கயிற்றுக்கடைக்காரர் தன் வழக்கமான இடத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்தார். டாக்டர் மண்டப வாசலோரம் நின்றார். டாக்டர் எந்தப் பொருளும் கொடுத்தவர் இல்லை என்பதால் அவருக்கு நாற்காலி ஒதுக்கும் வழக்கம் இல்லை.

முதலில் எண்ணெய்க்கடைக்காரர் எழுந்தார். எட்டாம் எண் கட்டில் அவர் குடும்பம் கொடுத்தது. ஏழாம் எண்ணின் கம்பிகளுடைய நிழல் அதன்மேல் விழுகிறது என்று அவர்களுக்கு இரண்டு தலைமுறையாக மனக்குறை.

"அண்ணன் கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார். "எங்க கட்டில்ல அண்ணியைப் படுக்க வைக்கட்டும். நாங்க சிபாரிசு பண்றோம். எங்க குடும்பத்து ஏழைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். பார்வை நாள்ல எங்க வீட்டுப் பிள்ளைங்க வரப்போ ஒரு நன்றி. அதையும் சத்தமா சொல்லணும்னு இல்லை."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். கயிற்றுக்கடைக்காரரின் காது மடல் சிவந்தது. வேறு நாளாக இருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். கதவில் கிடக்கும் மனைவியின் காலை நினைத்தார். எழுந்து நின்றார்.

"உங்க கட்டில்ல கம்பி இல்லை" என்றார். "ஏழாம் நம்பர்தான் வேணும். அதுக்குச் சிபாரிசு பண்ற உரிமை எனக்கு இருக்கு. ஏழையாத்தான் இருக்கணும்னா..." நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஏழைன்னே வச்சுக்குங்க. என் வீட்டு ஏழையை நான் சிபாரிசு பண்றேன்."

அவர் வம்சத்தில் எந்த வாயும் சொல்லாத சொல் அது. சொன்ன பிறகு உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றார்.

தலைவர் மெல்ல எழுந்தார். உண்மையிலேயே மனம் புண்பட்டிருந்தார்.

"அன்பர்களே, இதைக் கேட்கவா நான் உயிரோடு இருக்கிறேன்? கயிற்றுக்கடைக் குடும்பம் ஏழை என்றால் மாவு மில் எம்மாத்திரம்? இன்று இவர் ஏழையாவார். நாளை காய்ச்சல் வந்தால் எண்ணெய்க்கடை ஏழையாகும். நாம் எல்லாரும் இப்படிப் படுக்க ஆரம்பித்துவிட்டால் பார்வை நாளில் நம்மை வந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரியை யாருக்காகக் கட்டினோம்? நோயாளிகள் வருவார்கள், போவார்கள். நாம்தான் நிலையாக இருக்கிறோம். இன்னொன்று சொல்கிறேன். இத்தனை காலத்தில் ஓர் ஆதரவாளர்கூட இந்த ஆஸ்பத்திரியில் இறந்ததில்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரி இப்படிச் சொல்ல முடியும்? எல்லாரும் வீட்டில்தான் கௌரவமாகக் காலமானார்கள். என் தாயார் வயிற்று வலியால் மூன்று நாள் துடித்தார். வாய் திறந்து ஆஸ்பத்திரி என்று ஒரு சொல் சொல்லவில்லை. இவருடைய தகப்பனாரும் அப்படித்தான்."

பலத்த கைதட்டல். பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கயிற்றுக்கடைக்காரருக்குக் கைதட்டல் தூரத்தில் கேட்பது போலிருந்தது. அப்பா போனது மூச்சு முட்டித்தான். அப்போதிருந்த டாக்டர் வாசலில் நின்று, கொண்டுவாருங்கள், காற்றுக் குழாய் வைத்தால் தாங்கும் என்று கெஞ்சினார். ஏழாம் கட்டில் அன்றும் காலியாக இருந்தது. அப்பா கையை ஆட்டினார். பேச மூச்சு இல்லை. மறுக்கிறார் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இவரும் அதைப் பல கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கை 'வேண்டாம்' என்று ஆடியதா, 'தூக்குங்கள்' என்று ஆடியதா என்று இன்று வரை யாரும் யோசித்ததில்லை.

"வீட்டுக்காரியைப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார்.

நோயாளிகள் அறையில் பதினோரு கடிகாரங்களும் ஆளுக்கொரு மணி சொல்லிக்கொண்டிருந்தன. ஏழாம் கட்டிலின் தலைமாட்டில் தகடு பளபளத்தது. கயிறு வெட்டும் கத்தி எப்போதும் போல இடுப்பில் இருந்தது. கத்தி முனையை முதல் திருகாணியில் வைத்துத் திருப்பினார். மாதாமாதம் துடைத்த கைக்குத் திருகாணிகள் இருந்த இடம் கண்ணை மூடினாலும் தெரியும். அவை கழலக்கூடியவை என்பதுதான் இத்தனை நாளும் தோன்றவில்லை. மண்டபத்தில் தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு திருகாணி கழலும்போதும் சரியாகக் கைதட்டல் எழுந்தது.

மருந்து அலமாரிப் பக்கம் நின்ற நர்ஸம்மா அவரைப் பார்த்தாள். மண்டபத்துப் பக்கம் இருந்த ஜன்னலைச் சாத்திவிட்டு, மறுபடி மருந்துப் புட்டிகளை அடுக்கத் தொடங்கினாள்.

டாக்டர் உள்ளே வந்தபோது தகடு கயிற்றுக்கடைக்காரரின் கையில் இருந்தது. டாக்டர் அதைப் பார்க்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் தெரிந்த வெளிறிய சதுரத்தைப் பார்த்தார்.

"நர்ஸம்மா, இந்தக் கட்டில் யாரோடது?"

"பேர் ஒண்ணும் இல்லீங்களே."

"அப்ப ஆஸ்பத்திரியோடதா இருக்கும்" என்றார் டாக்டர். "ஏத்துங்க."

தம்பியும் நர்ஸம்மாவும் டாக்டரும் சேர்ந்து அவளைக் கதவோடு தூக்கிவந்து கட்டிலுக்கு மாற்றினார்கள். அவள் ஒருமுறை அலறினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டாள். குறுக்குக் கம்பியில் கப்பி மாட்டினார்கள். தம்பி ஓடிப்போய்க் கடையிலிருந்து முறுக்கேறாத மெல்லிய கயிறு கொண்டுவந்தான். அதன் நுனியில் மணல் பையைக் கட்டி டாக்டர் மெல்ல விட்டார். பை தொங்கியது. கால் கொஞ்சம் நீண்டது. டாக்டர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் கொஞ்சம் எடை வேணும். மணல் தீர்ந்துபோச்சு."

கயிற்றுக்கடைக்காரர் தகட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நேரம் அவரைத் தூக்கிக்கிட்டே நிப்பீங்க?" என்றாள் மனைவி. நெற்றி முழுக்க வியர்வை. "அந்தப் பையில இறக்கி வைங்க. மாமனார் எடை எனக்குப் பழகினதுதான்."

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கையை நீட்டித் தகட்டை வாங்கி எடை பார்த்தார். "சரியா இருக்கும்" என்றார். தகடு மணலுக்குள் இறங்கியது. பை ஒரு விரற்கடை தாழ்ந்தது. அவள் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

கூட்டம் முடிந்து சங்கத்தார் தீர்மானத்தோடு வந்தார்கள். கதவிலிருந்து நோயாளியை இறக்கச் செங்கல் சூளைக்காரர் ஊர் திரும்பும் வரை காத்திருப்பது என்பது தீர்மானம். உள்ளே நுழைந்த தலைவர் ஏழாம் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றார். கட்டிலில் இருந்தவள் அவர் கண்ணில் படவில்லை.

"தகடு! தகடு எங்கே?"

"களவு" என்றார் எண்ணெய்க்கடைக்காரர். பிறகு எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கவனித்து, "என்னை ஏன் பார்க்கிறீங்க?" என்றார்.

கயிற்றுக்கடைக்காரர் பொய் சொல்லிப் பழகாத குடும்பம். நிமிர்ந்து நின்றார். "களவு இல்லை. நான்தான் கழட்டினேன்."

தலைவர் அருகே வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"பார்த்தீர்களா அன்பர்களே? குடும்பத் தகடு போன துக்கத்தில் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறார். யார்மேலும் சந்தேகம் விழக்கூடாதாம். இதல்லவா பரம்பரை!"

கைதட்டினார்கள். எண்ணெய்க்கடைக்காரர்தான் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார்.

"உண்மையாத்தான் சொல்றேன்" என்றார் கயிற்றுக்கடைக்காரர்.

"வேண்டாம். உங்கள் மனசு எங்களுக்குத் தெரியும்." தலைவர் திரும்பினார். "உடனே விசாரணைக் குழு. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் தலைவர் என்ற முறையில் கயிற்றுக்கடைக்காரரே அதற்குத் தலைவர்."

செயலாளர் குடையைத் தூக்கினார். "விசாரணை முடியிற வரைக்கும் களவு நடந்த இடத்துல எதையும் அசைக்கக்கூடாது. விதி."

"பேஷண்ட்டை?" என்றார் டாக்டர்.

"எதையும்னா எதையும்தான். கட்டில், கம்பி, கயிறு, மேல இருக்கிறது எல்லாம் இருந்தது இருந்தபடி."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "உத்தரவுங்க" என்றார். அந்த ஊருக்கு வந்த நாள் முதல் சங்கத்தின் உத்தரவு ஒன்றை அவர் இவ்வளவு மனதாரக் கேட்டதில்லை.

விசாரணைக் குழு வாரந்தோறும் கூடியது. பழைய பாத்திரம் வாங்குகிறவர்களை விசாரித்தார்கள். தோட்டக்காரரை இரண்டு முறை விசாரித்தார்கள். அவர் இரண்டு முறையும் நன்றி சொன்னார். ஒவ்வொரு கூட்டத்திலும் கயிற்றுக்கடைக்காரர் எழுந்து, "நான்தான் கழட்டினேன்" என்றார். குழுத் தலைவரே சாட்சி சொல்ல முடியாது என்று செயலாளர் ஒவ்வொரு முறையும் விளக்கினார். பார்வை நாளில் ஆதரவாளர்கள் களவு நடந்த கட்டிலை வரிசையில் நின்று பார்த்தார்கள். வெளிறிய சதுரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். சிலர் அதன்கீழ் பூ வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் தோட்டக்காரர் இடுப்பு வலி குணமானதற்காகத் தழுதழுத்தார்.

"உங்களுக்கு அடுத்து என்ன வியாதி?" என்று அவள் அவரிடம் கேட்டாள்.

"அடுத்த மாசம் காமாலைங்கம்மா. எண்ணெய்க்கடை வீட்டுல கேட்டிருக்காங்க."

கூட்டம் போன பிறகு அவள் கணவனைப் பார்த்தாள். அவர் கட்டிலின் பக்கத்தில் முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?"

"எது?"

"உங்கப்பா பேரு பையில தொங்குறது."

அவர் தொங்கும் பையைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு அவர் கையை ஆட்டினாரே, எப்படி ஆட்டினாரு, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அதை அவள் சொல்லவில்லை. "கப்பி சத்தம் போடுது. கொஞ்சம் எண்ணெய் விடுங்க" என்றாள்.

எலும்பு கூடியது. நர்ஸம்மாவின் தோளைப் பிடித்து அவள் முதல் அடி வைத்த அன்று, இரண்டு காலும் ஒரே நீளம் என்று டாக்டர் ஒருமுறை அளந்து சொன்னார், பிறகு நம்பிக்கையில்லாமல் மறுபடி அளந்தார். அவள் வீட்டுக்குப் போன மறுநாள் விசாரணை முடிந்ததாகச் செயலாளர் அறிவித்தார். குற்றவாளி கிடைக்கவில்லை. ஆகவே புதுத் தகடு, முன்னதைவிடப் பெரியது, அதே சபதம் இன்னும் பெரிய எழுத்தில். சரக்கறைக் கதவையும் மண்டபத்துச் சுவரில் சாய்த்து வைத்து அதற்கும் ஒரு பெயர்ப்பலகை மாட்டினார்கள். கயிற்றுக்கடைக்காரரின் சரக்கறை கதவில்லாமலேயே இருந்தது.

புதுத் தகட்டைத் திறந்து வைத்த விழாவில் கயிற்றுக்கடைக்காரரைப் பேசச் சொன்னார்கள். அப்பாவின் பேச்சை அவர் அப்படியே ஒப்பிப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் எழுந்தார். முதுகு எப்போதும் போல நிமிர்ந்திருந்தது. குரல்தான் களைத்திருந்தது.

"எங்கப்பா வீட்டுல மூச்சு முட்டிக் கிடந்தாரு" என்றார். "இந்தக் கட்டில் இங்க காலியா இருந்துச்சு."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். மண்டபம் ஒரு கணம் திகைத்தது. பிறகு தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். எல்லாரும் எழுந்தார்கள். அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் அவ்வளவு நீண்ட கைதட்டல் யாருக்கும் கிடைத்ததில்லை. இவ்வளவு சுருக்கமாகத் தியாகத்தைச் சொல்ல யாரால் முடியும் என்று செயலாளர் வாசல் வரை வந்து வியந்தார்.

மாதம் பிறந்ததும் கயிற்றுக்கடைக்காரர் துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஏழாம் கட்டிலில் ஒரு கொத்தனார் தொடை உடைந்து படுத்திருந்தார். அவர் எந்த வீட்டு ஏழை என்று கயிற்றுக்கடைக்காரர் விசாரிக்காமலேயே சிபாரிசு செய்திருந்தார். தலைமாட்டில் புதுத் தகடு மங்கத் தொடங்கியிருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. கால்மாட்டுக்குப் போய், மணல் பை ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கப்பியைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். அப்பாவின் பெயர் அந்தப் பைக்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.